வலம் இடமான மலை

நெருப்பாய் நின்று, நாங்கள் நெருங்கும்பொருட்டுக் கல்லாய்க் குளிர்ந்த பெருமானே! பிறந்த ஊரில் உன் நிழலிலும், வந்த ஊரில் உன் நினைவிலும் வாழ்கின்ற எளியேன் எழுதத் தொடங்குகிறேன். கோபத்தால் ஒரு சொல் கூடாமலும், தாட்சண்யத்தால் ஒரு சொல் குறையாமலும் காத்தருள்க.

இன்று கார்த்திகைத் திங்கள், கிருத்திகை நாளும் நிறைமதியும் கூடிய தீபத் திருநாள்.

1

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இன்னும் விடியவில்லை. அங்கே திருவண்ணாமலையில் மாலை. என் மனைவி உண்ணாமுலை குளித்து, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, தொலைக்காட்சியின் முன் நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். முட்டி அவளை நெடுநேரம் நிற்கவிடாது. தீபத்தை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மலையுச்சியில் சுடர் எழுந்தபோது கைகளைத் தலைக்குமேல் குவித்தாள். ‘அரோகரா’ என்றாள், கீழ்வீட்டுக்காரர்களின் தூக்கம் கெடாத குரலில். அரோகராவை அடக்கிச் சொல்ல இந்நாடு எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சற்று நேரம் கழித்து, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோர்க்கடை வைத்திருக்கும் என் சிற்றப்பா மகன் ஏழுமலையை அழைத்தேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்திக் கத்திப் பேசினான். மலைமேல் ஏறினாயா என்று கேட்டேன்.

“எங்கண்ணா உடறாங்க? பாஸ் இருந்தாத்தான்னாங்க. அப்புறம் மழைக்கு மண்ணு எளகிப் போச்சு, யாருமே ஏறக் கூடாதுன்னுட்டாங்க. மலைக்குக் கீழயே பொறந்து வளந்தவனுக்கு மலை இப்ப தூரம். நீ அங்கேருந்து கேக்கற.”

“சுற்றவாவது சுற்றினாயா?”

“சுத்தறதுக்கு எவன் பாஸ் கேக்கப் போறான்? காலைலயே சுத்திட்டு வந்துதான் கடையத் தொறந்தேன். நீங்க அங்க சுத்தனீங்களா? அண்ணி நடந்துச்சா?”

நடந்தாள் என்றேன். அது பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. அந்த ஒரு சொல்லுக்குள் நான் ஒளித்துவைத்ததை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கவே இக்குறிப்புகளை எழுதுகிறேன்.

மலைமேல் ஏற விடாததைப் பற்றி எனக்குக் குறையில்லை. மண் இளகினால் மனிதர் விழுவர். காட்டைக் காப்பவர்கள் கதவைச் சாத்துவதும் ஒருவகைத் தொண்டே. பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முத்திரை, ஒப்பம், நிபந்தனை ஆகியவற்றின் மீது எனக்கு இளக்காரம் இருந்ததில்லை. ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் அதை ஒருவர் மதிப்பார் என்று நம்பியே வாழ்ந்தவன். அந்த நம்பிக்கைதான் சென்ற சனிக்கிழமை என் கையிலிருந்து நழுவியது.

2

இவ்வூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், அரசுக் காட்டின் நடுவில், ஒரு சிறு மலை இருக்கிறது. இங்குள்ளவர்கள் அதற்கு ஏதோ ஒரு முயலின் பெயரை வைத்திருக்கிறார்கள். உண்ணாமுலை அதைச் ‘சின்னவர்’ என்பாள். ஊரில் இருக்கும் அண்ணாமலை அவளுக்குப் பெரியவர். எங்கள் மகள் அபிதா முதன்முதலில் எங்களை அங்கே அழைத்துப்போனபோது, மூடுபனி விலகி மலையின் முதுகு தெரிந்தது. உண்ணாமுலை காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சருகின்மேல் விழுந்து கும்பிட்டாள். பேரன் திகைத்துப்போய், பாட்டி வழுக்கி விழுந்துவிட்டாள் என்று தூக்க ஓடினான். அவனுக்கு அது இன்றுவரை ‘தாத்தா பாட்டியின் ஹைக்கிங்’தான். திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மலையைச் சுற்றி ஒரு பாதை உண்டு. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். அதை அறிந்த அன்றே என் உள்ளத்தில் பண் எழுந்துவிட்டது. அடுத்த கார்த்திகையில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, பதிகங்களை ஓதிக்கொண்டே சுற்றி வந்தோம். அதற்கடுத்த ஆண்டு கூட்டம் பெருகியது. அப்போதுதான் இந்நாட்டுக் காட்டின் விதிகள் எங்களுக்குத் தெரியவந்தன. ஒருவர் இருவராகப் போனால் எவரும் எதுவும் கேட்பதில்லை. வண்டியை நிறுத்த ஒரு பாஸ் வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டால் போதும். பலர் கூடிப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எத்தனை பேர், எந்த நேரம், எந்தத் திசையில், என்ன நோக்கத்துக்காக என்று கேட்பார்கள். மண் பாதை தாங்க வேண்டும், மான்கள் மிரளக்கூடாது, எதிரும் புதிருமாக மக்கள் முட்டிக்கொள்ளக் கூடாது. கேள்விகள் எல்லாம் நியாயமானவை. நெருப்பு ஏற்றக் கூடாது என்றார்கள். தீபத்தை மனத்தில் ஏற்றிக்கொள்கிறோம் என்றோம்.

திசையில்தான் வழுக்கி விழுந்தோம்.

நம் ஊரில் திசையைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. கிழக்குக் கோபுரத்தின் முன் நின்று தெற்கே திரும்பி நடந்தால், செங்கம் ரோட்டில் கால் வைப்பதற்குள் மலை தானாகவே வலக்கைப் பக்கம் வந்துவிடும். கூட்டமே நம்மை நடத்திச் செல்லும். எதிர்த்திசையில் ஒருவன் வந்தால் அவன் காய்கறி விற்கவோ மாடு தேடவோ வருகிறான் என்று பொருள். ஆகவே விண்ணப்பத்தில் திசை கேட்டிருந்த இடத்தில், வலம் வருகிறோம் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘வலப்பக்கமாகச் செல்வோம்’ என்று எழுதிக் கொடுத்தோம்.

போய்ப் பார்த்தால், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், வலப்பக்கக் கிளையில் எங்களுக்காக அம்புக்குறி நட்டிருந்தார்கள். சொன்ன சொல் தவறாத மக்கள். ஆனால் மலையைப் பார்த்து நின்று வலப்பக்கம் திரும்பி நடந்தால், மலை இடக்கைப் பக்கம் அல்லவா வரும்? மலை வலக்கைக்கு வர வேண்டுமானால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இதைத் தமிழில் விளக்குவதே பெரும்பாடு. அங்கே காவலுக்கு நின்றிருந்த வன அலுவலர் அம்மையார் ஒருவரிடம் நான் கைகளை இப்படியும் அப்படியும் ஆட்ட, அவர் என்னை மயக்கம் வந்தவர் என்று எண்ணித் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அப்போது கூட்டத்திலிருந்து முன்னால் வந்தவன்தான் குமரேசன்.

3

குமரேசனை எனக்கு அவன் அரைக்கால் சட்டையில் திரிந்த நாளிலிருந்து தெரியும். அவன் அப்பா ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் அறைகள் வாடகைக்கு விட்டு, வாசலில் ஒரு காபிக் கடையும் நடத்திவந்தார். நாங்கள் பௌர்ணமிதோறும் பாடிக்கொண்டு அவ்வழியே வரும்போது, பையன் எச்சில் தம்ளரைக் கழுவாமல் போட்டுவிட்டு எங்கள் பின்னே அடி அண்ணாமலைவரை ஓடி வருவான். படித்து இந்நாட்டுக்கு வேலைக்கு வந்தபோது முதல் சில மாதங்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தான். என்னைப் பெரியப்பா என்பான். உண்ணாமுலையின் கத்தரிக்காய்க் கொத்சுக்கு மூன்றாம் முறை தட்டை நீட்டுவான்.

அன்று அவன் உண்ணாமுலையின் கையிலிருந்த பித்தளைச் சொம்பை வாங்கினான். தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, அந்த அம்மையாருடைய வண்டியின் முன்மூடியின்மேல் சொம்பைக் கவிழ்த்து வைத்தான். இதுதான் மலை என்றான். தன் கார்ச் சாவியை மனிதனாக்கி, சொம்பைச் சுற்றி நடத்திக் காட்டினான். சாவியின் வலப்பக்கம் எப்போதும் சொம்பு. அம்மையார் ஒருகணம் பார்த்தார். சிரித்தார். பிறகு தாமே போய் அம்புக்குறியைப் பிடுங்கி இடப்பக்கக் கிளையில் நட்டார். அந்த ஆண்டு முதல் எங்கள் அனுமதித் தாளில் ஒரு வரி நிலைத்துவிட்டது: நடப்பவர்களின் வலக்கைப் பக்கம் மலை இருக்க வேண்டும். வேறு எந்த நாட்டு வனத்துறைத் தாளிலும் இப்படியொரு நிபந்தனை இருந்திருக்காது. பதிவு அலுவலகத்தில் என் வாழ்நாளெல்லாம் பார்த்த பத்திரங்களில் இல்லாத மகிழ்ச்சியை அந்த ஒற்றை வரி எனக்குத் தந்தது.

அன்றிலிருந்து அனுமதி வாங்கும் பொறுப்பை அவனிடமே விட்டோம். மகன் இல்லாத எங்களுக்கு அது ஒரு நிறைவாகவும் இருந்தது.

மாற்றங்கள் சின்னச் சின்னதாக வந்தன. முதலில், வாரநாளில் தீபம் வந்தால் எவருக்கும் விடுப்பு இல்லை என்று, பக்கத்துச் சனிக்கிழமைக்கு மாற்றினான். திருநாள் நம் வசதிக்கு நகருமா என்று கேட்டேன். “வராம இருக்கறதுக்கு, முன்னாடி பின்னாடி வந்தா பரவாயில்லைங்க பெரியப்பா” என்றான். ஒப்புக்கொண்டேன். பிறகு, பாடல்களைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கொள்ளலாம் என்றான். அவன் அலுவலக நண்பர்கள் வருகிறார்கள், அவர்கள் காட்டின் அமைதியை நாடி வருகிறார்கள் என்றான். அதற்கும் ஒப்புக்கொண்டு இரண்டு பதிகங்களோடு நிறுத்தினோம். மௌனத்தை நான் இகழ்பவன் அல்லேன். நம் கிரிவலப் பாதையில் பாடிச் செல்வோரும் பேசாமல் செல்வோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் ஒருவர் மௌனத்துக்கு மற்றவர் வாய் அடைபட வேண்டும் என்று அங்கே எவரும் சொன்னதில்லை.

இவ்வாண்டு எனக்கு வேறொரு கவலை இருந்தது. உண்ணாமுலைக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நாள் குறித்தாகிவிட்டது. அதன்பின் மேடு பள்ளத்தில் நடப்பதை மறந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விமானத்தில் ஊருக்குப் போய் வரும் தெம்பும் அவளுக்கு இல்லை. பெரியவரை இனிச் சுற்ற முடியாது, சின்னவரையாவது சொந்தக் காலால் ஒரு தடவை சுற்றிவிட்டு அந்தக் காலை மருத்துவரிடம் ஒப்படைக்கிறேன் என்றாள். அதற்காகவே ஐப்பசி முழுதும் வீட்டுக் கூடத்தில் ஊன்றுகோலோடு நடந்து பழகினாள். சாப்பாட்டு மேசையை வலம் வந்தாள். அபிதா அலுவலகக் கூட்டத்தில் கணினிமுன் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட, அம்மா பின்னால் குறுக்கும் நெடுக்கும் போகிறாள் என்று அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களாம்.

அந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாளும் இல்லை. பனி இறங்கப்போகிறது, ஞாயிறு முதல் மலைக்குப் போகும் காட்டுச் சாலையைச் சங்கிலியிட்டு மூடிவிடுவார்கள், இனி வசந்தத்தில்தான் திறப்பு என்று அறிவித்திருந்தார்கள்.

4

வண்டி நிறுத்துமிடத்தில் என்றும் காணாத கூட்டம். பலர் நம்மவர்கள், பலர் இந்நாட்டவர்கள். எல்லோர் கையிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை. கூடாரம், தேநீர், படம் எடுப்பவர்கள். துணிப் பதாகையில் ‘முழுநிலா அமைதி நடை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அண்ணாமலையின் பெயரையும் கார்த்திகையின் பெயரையும் தேடினேன். இல்லை.

அபிதா வண்டியை நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு மஞ்சள் பட்டைகளை எடுத்தாள்.

“அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் பாஸ் முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன். இது இல்லாம இன்னிக்கு உள்ள விடமாட்டாங்க.”

எதற்குப் பாஸ் என்று கேட்டேன். நாம் நடத்தும் நடைக்கு நமக்கு யார் பாஸ் கொடுப்பது? அவள் என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் மணிக்கட்டில் பட்டையை மாட்டிக்கொண்டே சொன்னாள். இந்த முறை அனுமதி, இத்தகைய நடைகளை நடத்தக் குமரேசன் தொடங்கியிருக்கும் நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டதாம். பெரிய ஏற்பாடாம். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாளாம். ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னா வரமாட்டீங்க. வந்து பாத்தீங்கன்னா பிடிச்சிடும்னு நெனச்சேன்” என்றாள். பெற்ற மகளின் வாயிலிருந்து வந்த இந்தப் பதில், பிழை என்று அவள் அறியாத பிழை. அறிந்து செய்திருந்தால் கோபித்துக்கொண்டு முடித்திருப்பேன்.

எப்படியோ சுற்றினால் போதும் என்று உண்ணாமுலை என் கையை அழுத்தினாள். பட்டையோடு நடந்தோம். பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அம்புக்குறி வலப்பக்கக் கிளையில் நட்டிருந்தது. கூட்டம் வரிசையாக அதில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோருடைய இடக்கைப் பக்கமும் மலை.

நான் எண்ணியது, மீண்டும் அதே பழைய வழுக்கல் என்று. அந்த வன அலுவலர் அம்மையார் ஓரமாய் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது, தொப்பி அதேதான். எங்களை அடையாளம் கண்டு, உண்ணாமுலையின் கையிலிருந்த சொம்பைப் பார்த்துப் புன்னகைத்தார். அம்புக்குறி தவறாக இருக்கிறது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புன்னகை குறைந்தது. தாமும் அதைக் கேட்டதாகச் சொன்னார். மலை வலப்பக்கம் இருக்க வேண்டுமென்ற வரியை இவ்வாண்டு விட்டுவிட்டீர்களே, அந்தப் பித்தளைப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று குமரேசனிடம் நினைவுபடுத்தினாராம். அது இனித் தேவையில்லை, இது வழிபாடு அன்று, பொழுதுபோக்கு நடை என்று அவனே எழுதிக் கொடுத்தானாம். வலப்பக்கக் கிளையில் ஏற்றம் மெதுவானது, புதியவர்களுக்கு எளிது என்றானாம்.

அந்நியர் ஒருவர் சொம்பை நினைவில் வைத்திருந்தார்.

பொழுதுபோக்கு என்ற சொல்லை நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பொழுதைப் போக்க நான் மலைக்கு வரவில்லை. பொழுது என்னைப் போக்கிக்கொண்டிருக்கும் வயது இது.

குமரேசன் கையில் ஒலிபெருக்கியோடு ஓடிவந்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். அதில் ஒரு குறையும் இல்லை.

“வாங்க பெரியப்பா, பெரியம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். முதல் வளைவு வரைக்கும் நடந்துட்டு வந்து உக்காந்துக்கட்டும்.”

திசையைக் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“கோச்சுக்காதீங்க. வந்திருக்கறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது. நடந்தாப் போதும்னு வர்றாங்க. எந்தப் பக்கம் சுத்தினா என்னங்க?”

“உனக்குத் தெரியுமேப்பா” என்றேன்.

அவன் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்திப் பார்த்தான். யாரோ அழைக்கவே போய்விட்டான்.

அறியாதவர்கள் மலையை எப்பக்கம் சுற்றினாலும் மலை அவர்களை மன்னிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் மீது எனக்கு வருத்தமும் இல்லை. சொம்பைக் கவிழ்த்துக் காட்டியவனே அதை நிமிர்த்திவிட்டுப் போனால், அதை எந்த அறியாமையின் கணக்கில் எழுதுவது?

எங்களோடு பாடுகின்ற முதியவர்களும் அங்கே இருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பட்டை. வந்தது வந்துவிட்டோம், மலை மலைதானே என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கக் கிளையில் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். வா என்றா, விடு என்றா என்று விளங்கவில்லை.

5

இடப்பக்கக் கிளையில் நாங்கள் இருவர் மட்டும் போகிறோம், இருவருக்கு அனுமதி வேண்டாமே என்று அம்மையாரிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே வருந்தினார். நடை முடியும்வரை பாதை ஒருவழி. அத்தனை பேரும் எதிரே வருவார்கள், பாதை குறுகலானது, ஊன்றுகோலோடு வருபவரை எதிர்த்திசையில் விட அவருக்கு அதிகாரமில்லை. கடைசி ஆள் வெளியே வந்ததும் போகலாம் என்றார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். கார்த்திகை மாதத்தில் இங்கே பிற்பகல் முடிவதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் காட்டில் எவரும் இருக்கக் கூடாது. அவர் சொல்லாமலேயே எங்களுக்குப் புரிந்தது.

அனுமதி இல்லாத இடத்தில் கால் வைத்து எனக்குப் பழக்கமில்லை. உண்ணாமுலையிடம், இந்தத் திசையிலேயே சுற்றிவிடுகிறாயா, உன் காலுக்கு இதுதானே கடைசி முறை என்று கேட்டேன். அவள் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் பட்டையை மெல்லக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள்.

“சாப்பாட்டு மேசையக்கூட நான் வலமாத்தான் சுத்தினேன். சாமிக்கு இடங்கையக் காட்டிட்டு நடக்கறதுக்கா இத்தனை நாள் பழகினேன்?”

வண்டிக்குத் திரும்பி வந்தோம். அந்தக் காட்டில் அன்று எங்களுக்கென்று இருந்த ஒரே அனுமதி, கண்ணாடியில் தொங்கிய வண்டி நிறுத்தும் பாஸ்தான். மற்ற வண்டிகளுக்கும் எங்கள் வண்டிக்கும் முன்னால், மரக்கட்டை வேலியோரம், சிறிது தரை இருந்தது. உண்ணாமுலை சொம்புத் தண்ணீரைத் தரையில் தெளித்தாள். மிச்சத்தைக் குடித்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். அதன் முதுகில் திருநீற்றை மூன்று விரலால் இழுத்தாள். பிறகு என் தோளில் ஒரு கையும் ஊன்றுகோலில் ஒரு கையுமாக, சொம்பை வலம் வரத் தொடங்கினாள்.

பாடு என்றாள். பாடினேன். முதல் பாடலில் குரல் எழவில்லை. இரண்டாவதில் எழுந்தது. எங்கள் ஊரில் கூட்டத்தோடு பாடும்போது என் குரல் எனக்குக் கேட்டதில்லை. இங்கே கேட்டது. அது நடுங்குகிற குரல் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். வன அலுவலர் அம்மையார் சற்றுத் தள்ளி வந்து நின்று, நாங்கள் சுற்றும் இடத்துக்குள் எந்த வண்டியும் நுழையாதபடி பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் உண்ணாமுலை மரங்களுக்குமேல் தெரிந்த சின்னவரை நிமிர்ந்து பார்த்தாள். கால் தாங்கும்வரை சுற்றினாள். எத்தனை சுற்று என்று நாங்கள் எண்ணவில்லை.

கூட்டம் திரும்ப வரத் தொடங்கியது. முகங்களெல்லாம் சிவந்து மலர்ந்திருந்தன. அவர்களுக்கு அது நல்ல நடையாகவே இருந்திருக்கும். சிலர் நின்று பார்த்தார்கள். அபிதாவும் வந்தாள். அம்மா கவிழ்த்த சொம்பைச் சுற்றுவதைப் பார்த்ததும் தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

குமரேசன் வந்தான். அவன் கண்கள் முதலில் சொம்பின் மேல் விழுந்தன. அவன் முகத்தில் ஏதோ அசைந்தது, நான் பார்த்தேன். இப்போது வந்து சேர்ந்துகொள்வான் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கமாட்டேன். ஒரு கால் எடுத்து வைத்தால் போதும். எச்சில் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளைதானே!

அவன் கைபேசியை எடுத்தான்.

“பெரியம்மா, ரொம்ப அழகா இருக்குங்க. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?”

உண்ணாமுலை நிற்கவில்லை. நடந்துகொண்டேதான் சொன்னாள்.

“எடுத்துக்கப்பா. மலை உன் வலக்கைப் பக்கம் வர்ற மாதிரி நின்னு எடு. எந்தப் பக்கம்னு மறந்திருந்தா இந்த அம்மாவக் கேளு, அவங்களுக்கு ஞாபகம் இருக்குது.”

எடுத்தான். எடுத்துக்கொண்டு போனான்.

வீடு திரும்பும் வழியில் மழை தூறியது. பின்னிருக்கையில் அவள் சொம்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அபிதா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தபடி, இவ்வளவு முக்கியம் என்று ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாமே என்றாள். வீடு வந்ததும் மகள் வந்து கதவைத் திறந்து, அம்மாவை இறக்குவதற்குமுன் சொம்பை வாங்கிக்கொண்டாள். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதுபோல் ஒருகணம் திருப்பிப் பார்த்தாள். என் வருத்தத்தில் அவள் பங்கை அந்த ஒரு கணத்துக்காகக் குறைத்துக்கொண்டேன்.

நேற்று அந்தப் படத்தைக் குமரேசனின் நிறுவனப் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பேரன் காட்டினான். நரைத்த இருவர், நடுவே பளபளக்கும் சொம்பு. அடுத்த ஆண்டு நடைக்கான அழைப்பாம் அது. கீழே ‘நம் மரபு’ என்று தமிழில் எழுதியிருந்தது. பலருக்குப் பிடித்திருந்தது. அடுத்த வாரம் உண்ணாமுலை மருத்துவமனைக்குப் போகிறாள்.

இதை ஆசி கூறி முடிக்க வேண்டும். திருநாளில் தொடங்கிய எழுத்தைக் கசப்போடு மூடலாகாது. ஆசி கூற உட்கார்ந்தபோதுதான் அவன் இதைப் படிப்பான் என்ற நினைவு வந்தது. ஊர்க்காரர்கள் யாராவது அனுப்பிவைப்பார்கள். ‘அனைவரும்’ என்று எழுதினால் அவனும் அதற்குள் வந்துவிடுகிறான். அவனை மட்டும் வெளியே நிறுத்தும் ஒரு சொல்லைத் தேடினேன். ஓதிய பாடல்களில் எல்லாம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பாடியவர்கள் எவரும் வாசலில் நின்று பட்டை கேட்டதில்லை போலும்.

ஆகவே அனைவரும் என்றே எழுதுகிறேன். அண்ணாமலையின் அடியில் இருப்போரும், அகன்று வாழ்வோரும், வழியறிந்தோரும், அறிந்தும் விட்டோரும், இதைப் படிக்கின்ற அனைவரும் நலம் பெறுக. உங்கள் கால்கள் தளராதிருக்கட்டும். எந்த நாட்டில் எந்தப் பாதையில் நீங்கள் நடந்தாலும், உங்கள் வலக்கைப் பக்கம் மலை நிற்கட்டும்.